மூன்றாவது மாடா, இரண்டு பரப்புப் புல்லா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் கோப்பாயில் இருக்கிறேன். இரண்டு ஜேர்சிக் கலப்பு மாடுகள் நிற்கின்றன, சேர்ந்து நாளுக்கு 11 லீற்றர் பால். சங்கத்தில் லீற்றருக்கு 160 ரூபா தருகிறார்கள். தீவனமும் பிண்ணாக்கும் நாளுக்கு 9 கிலோ, கிலோ 130 ரூபாப்படி வாங்குகிறேன். வைக்கலுக்கு மாதம் 5,000. கனடாவில் இருக்கிற தம்பி 3 லட்சம் அனுப்பியிருக்கிறான். இன்னொரு மாடு வாங்கவா, வங்கியில் நிலையான வைப்பில் போடவா? வீட்டுக்குப் பின்னால் அவனுடைய காணி 4 பரப்பு, அதாவது கால் ஏக்கர், சும்மா கிடக்கிறது.

பதில்: அக்கா, மாடு இப்போது வேண்டாம். கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன அந்தக் காணியில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

நீங்கள் தந்த கணக்கையே பார்ப்போம். மாதம் பால்காசு 52,800. தீவனத்துக்கு 35,100, வைக்கலுக்கு 5,000 போக மிஞ்சுவது 12,700 ரூபா, அதிலும் மருந்து, சினைப்படுத்தல், உங்கள் உழைப்பு எதையும் நான் கழிக்கவில்லை. அதாவது ஒரு மாட்டுக்கு மாதம் ஆறாயிரத்துச் சொச்சம். மூன்றாவதும் இதே தீவனத்தைத் தின்றுகொண்டு இதே அளவுதான் தரும், வருடத்தில் இரண்டு மூன்று மாதம் பால் வற்றி நிற்கும்போது அதுவும் இல்லை. அதற்கா 3 லட்சத்தையும் கொடுப்பது? வைப்பில் போட்டால், வட்டி 8 வீதம் என்று வைத்தாலும், மாதம் 2,000 ரூபா.

சரி, புல். இரண்டு பரப்பில் சிஓ-3 நடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் அது, நம்மூரில் பலர் வளர்க்கிறார்கள், தண்டு கேட்டால் கிடைக்கும், இல்லாவிட்டால் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். நல்ல தண்ணீரும் பசளையும் இருந்தால் ஹெக்டேயருக்கு வருடம் 350 தொன் என்பது அவர்கள் கணக்கு. நான் அதில் பாதியைத்தான் எடுக்கிறேன். அப்படிப் பார்த்தாலும் இரண்டு பரப்பில் நாளுக்கு ஏறத்தாழ 24 கிலோ பச்சைப்புல் வரும். அதோடு வேலியில் கிளிசிறியா மரம். அதன் இலையில் புரதம் 20 வீதத்துக்கு மேல், நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற வைக்கலில் 3, 4 வீதம்தான்! மாடு முதலில் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும், முதல் நாள் மாலையே வெட்டி வாடவைத்துப் போடுங்கள், பழகிவிடும். இப்பில் இப்பில் மரத்து இலையும் நல்லதுதான், ஆனால் அதில் மைமோசின் என்ற நஞ்சு இருப்பதால் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

புல்லும் கிளிசிறியாவும் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் தீவனத்தை 9 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு இறக்கலாம். ஒரே நாளில் இல்லை, கிழமைக்கு அரைக் கிலோ வீதம், பால் குறைகிறதா என்று பார்த்துப் பார்த்து. மாதம் 11,700 ரூபா மிச்சம், கையில் நிற்பது கிட்டத்தட்ட இரட்டிப்பு. உழவு, தண்டு, தண்ணீர்க்குழாய், கூலி எல்லாவற்றுக்கும் 60,000 ஒதுக்குங்கள், தீவனம் 6 கிலோவுக்கு இறங்கியதிலிருந்து ஆறு மாதத்தில் திரும்பிவிடும்.

ஐப்பசி மழையோடு நடவேண்டும். இரண்டு கணுவுள்ள தண்டு, இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளி, இரண்டு பரப்புக்கு 1,800 துண்டு போதும். முதல் வெட்டு 75 நாளில், அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று மட்டும் விடாதீர்கள், தண்டு முற்றினால் எடை கூடும், புரதம் இறங்கும், மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் கொட்டிலில் மிதிக்கும். கொட்டில் கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் புல்லுக்கே விட்டால் பசளைச் செலவும் பாதியாகும்.

நாலு பரப்பிலும் ஏன் நடச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கிணறுதான் காரணம். நமது நிலம் சுண்ணாம்புக்கல், கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும், ஏறினால் வீட்டுக் குடிநீரும் போச்சு. ஒரு கோடையை இரண்டு பரப்போடு கடந்து, ஆவணியில் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வைக்கலை மாதாமாதம் வாங்குவதையும் நிறுத்துங்கள். மாசியில் வன்னியில் அறுவடை முடிகிறபோது விலை விழும், அப்போதே வருடத்துக்கும் சேர்த்து எடுத்து நனையாமல் அடுக்குங்கள். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று கிழமை மூடிவைத்தால் புரதம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். திறந்து ஆறவிட்டுப் போடவேண்டும், சின்னக் கன்றுகளுக்கு வேண்டாம், யூரியாப் பையை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மிச்சம் 2,40,000இல் ஒரு லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் விடுங்கள், மாடு நோயில் விழுந்தால் நகையை அடைவு வைக்க ஓடவேண்டி வராது. வைக்கல் வாங்கவும் அதிலிருந்தே எடுக்கலாம். மற்றதை ஆறு மாத நிலையான வைப்பில் போடுங்கள். அது முதிரும்போது புல்லும் இரண்டு மூன்று வெட்டுக் கண்டிருக்கும், மூன்றாவது மாட்டைப் பற்றி அப்போது கணக்கோடு பேசலாம்.

இதற்கெல்லாம் முதல், தம்பியிடம் கேளுங்கள். நட்ட புல் சில வருடம் நின்று பயன் தரும், இடையில் அவர் காணியை விற்க நினைத்தால் உங்கள் 60,000 மண்ணோடு போய்விடும். ஐந்து வருடத்துக்கு விற்கும் எண்ணமில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் பரவாயில்லை.