இன்குபேட்டரில் முதன்முறை முட்டை வைப்பவர்களுக்கு: கேள்வி-பதில்

வீட்டில் சிறிய இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு பொரிக்கத் தொடங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாக எழுபவற்றை இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன். வேறு பறவையின் பெயரைக் குறிப்பிடாத இடங்களிலெல்லாம் கோழி முட்டையை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். அதன் அடைக்காலம் 21 நாள்.

கேள்வி: இன்குபேட்டர் வந்துவிட்டது, முட்டைகளும் தயாராக இருக்கின்றன. இன்றே வைத்துவிடலாமா?

வைக்க வேண்டாம். முட்டை எதுவும் இல்லாமல் குறைந்தது ஒரு முழு நாளாவது பெட்டியை ஓடவிட்டு, வெப்பம் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்கிறதா என்று பாருங்கள். திரையில் தெரியும் எண், உள்ளே உணரி பொருத்தப்பட்டிருக்கும் இடத்தின் வெப்பத்தைத்தான் சொல்கிறது. முட்டைகள் படுத்திருக்கும் மட்டத்தில் அது கூடவோ குறையவோ இருக்கலாம்.

என்னுடைய முதல் பெட்டியின் திரை இரவும் பகலும் 37.5 என்றே காட்டியது. நானும் நம்பினேன். 19ஆம் நாளே குஞ்சுகள் வெளிவரத் தொடங்கின. தொப்புள் சரியாக மூடாமல், காலூன்ற வலுவில்லாமல் வந்த அவற்றில் பாதிக்கு மேல் இரண்டு நாட்களில் இறந்துபோயின. பிறகு வேறொரு வெப்பமானியை முட்டைத் தட்டில் வைத்துப் பார்த்தபோது, உள்ளே ஒரு டிகிரிக்கும் அதிகமான வெப்பம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. அந்த ஒரு டிகிரிதான் அத்தனை குஞ்சுகளையும் கொண்டுபோனது.

ஆகவே தனியாக ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் சோதித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். காய்ச்சல் பார்க்கும் மருத்துவ வெப்பமானி இதற்கு நல்ல துணை, ஏனெனில் நமக்குத் தேவையான அளவில்தான் அது மிகத் துல்லியமாகக் காட்டும். வெதுவெதுப்பான நீரில் இரண்டின் முனைகளையும் சேர்த்துப் பிடித்து, அளவுகளை ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். மின்விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தங்கிவிடுவதால், முட்டையின் மேற்பகுதி மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைத்துக்கொள்ள வேண்டும்.

வெயில் படும் சன்னல் ஓரமும், காற்று நேரே வீசும் இடமும் பெட்டிக்கு ஏற்றவை அல்ல. அறையின் வெப்பம் அதிகம் மாறாவிட்டால் பெட்டியின் வேலை பாதியாகக் குறையும்.

கேள்வி: எப்படிப்பட்ட முட்டைகளைத் தேர்ந்தெடுப்பது? குளிர்சாதனப் பெட்டியில் இருந்தவை பொரிக்குமா?

சேவலுடன் பழகும் பெட்டைகள் இட்ட, ஏழு நாட்களுக்கு மேற்படாத முட்டைகள் நல்லவை. பத்து நாள் வரை வைக்கலாம் என்றாலும், அதற்குமேல் நாள் ஆக ஆகப் பொரிக்கும் விகிதம் குறைந்துகொண்டே வரும். மிகப் பெரியவை, மிகச் சிறியவை, உருவம் கோணியவை, விரிசல் விட்டவை ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். உண்பதற்காக விற்கப்படும் முட்டைகள் பெரும்பாலும் சேவலே இல்லாத பண்ணைகளில் இருந்து வருபவை. அவற்றில் கருவே இருக்காது. கருவுற்ற முட்டையாகவே இருந்தாலும், குளிர்சாதனப் பெட்டியின் கடுங்குளிரில் நாள்கணக்கில் கிடந்தால் கரு பலவீனப்பட்டுவிடும்.

அடை வைக்கும்வரை 13 முதல் 18 டிகிரி வரையுள்ள இடத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி வையுங்கள். முட்டையைக் கழுவவே கூடாது. ஓட்டின்மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் மெல்லிய பூச்சுதான் நுண்துளைகள் வழியே கிருமி நுழையாமல் காக்கிறது. கழுவினால் அது போய்விடும். அதிகம் அழுக்கான முட்டையை வைக்காமல் விடுவதே மேல். தொலைவிலிருந்து குலுங்கி வந்த முட்டைகளை 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் நிறுத்திவைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: ஈரப்பதம் எவ்வளவு வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம் என்பது தொடங்குவதற்குப் போதுமான கணக்கு. ஆனால் எண்ணைவிட, ஈரப்பதம் எதற்காக என்பதைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

முட்டை தன் ஓட்டின் வழியாக நாள்தோறும் சிறிது நீரை இழந்துகொண்டே இருக்கிறது. இழந்த இடத்தில், மழுங்கிய முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் தன் முதல் மூச்சை அந்தக் காற்றறையில்தான் இழுக்கிறது. பெட்டியில் ஈரம் மிகுந்தால் நீர் வெளியேறாமல் காற்றறை சிறுத்துவிடும். குஞ்சு உள்ளேயே மூச்சுத் திணறி இறக்கும். ஈரம் குறைந்தால் உட்சவ்வு தோல்போல் காய்ந்து குஞ்சைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

சமையலறையில் பயன்படும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் இந்தச் சந்தேகத்தை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். 18 நாட்களில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் இழக்க வேண்டும். 60 கிராம் முட்டை 53 கிராம் அளவுக்கு வந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் எடையிலேயே போக்குத் தெரிந்துவிடும்: இழப்புக் குறைவாக இருந்தால் நீரைக் குறையுங்கள், அதிகமாக இருந்தால் கூட்டுங்கள். நீரைக் கூட்டுவது என்றால் கிண்ணத்தை ஆழமாக நிரப்புவது என்று பலர் எண்ணுகிறார்கள். ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது நீரின் மேற்பரப்பு. அகன்ற தட்டில் விரல் மொத்தத்துக்கு நிற்கும் நீர், குறுகிய டம்ளர் நிறைய நிற்கும் நீரைவிட அதிக ஈரத்தைத் தரும்.

ஈரப்பதமானியையும் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, சில சொட்டு நீர் விட்டு ஈர மணல்போல் குழைத்து, அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மானி 75 சதவீதம் காட்ட வேண்டும். அது 70 காட்டினால் உங்கள் மானி ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

கேள்வி: முட்டைகளைத் திருப்புவது அவ்வளவு அவசியமா? ஒருநாள் மறந்துவிட்டேன்.

மிகவும் அவசியம். திருப்பாவிட்டால் கரு மேலே மிதந்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் இந்த ஆபத்து அதிகம். கையால் திருப்புபவர்கள் ஒருபக்கம் பென்சிலால் குறியிட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையாக இருந்தால்தான், நீண்ட இரவு நேரத்தில் முட்டை நாள்தோறும் ஒரே பக்கமாகப் படுத்திருக்காது. ஒருநாள் தவறியதால் எல்லாம் போய்விடவில்லை. இன்றிலிருந்து ஒழுங்காகத் தொடருங்கள். 18ஆம் நாளுடன் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: பத்தாம் நாள் ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லை. முட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். அடைக்கோழிகூட இரை தேட நாள்தோறும் சிறிது நேரம் முட்டைகளை விட்டு எழுந்து போகிறது. சில மணி நேரக் குளிர்ச்சியைக் கருக்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பொரிப்பதுதான் ஒருநாள் வரை தள்ளிப்போகலாம். மின்சாரம் நின்றதும் பெட்டியைத் திறக்காமல், மேலே ஒரு கனத்த போர்வையைப் போட்டு, காற்றுத் துளைகளை முழுவதும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் இருக்கும் கருக்கள் தாமாகவே வெப்பத்தை வெளியிடுவதால், அப்போது காற்றோட்டம் இன்னும் முக்கியம்.

குளிரைவிடச் சூட்டுக்குத்தான் அஞ்ச வேண்டும். 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நீடித்தால் பல கருக்கள் பிழைக்காது. மின்சாரம் திரும்பியதும் ஈடுகட்டுவதாக எண்ணி வெப்பத்தைக் கூட்டி வைக்கும் தவற்றை யாரும் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாள் பொறுத்து ஒளியில் பாருங்கள். கரு அசைந்தால் அது உயிரோடிருக்கிறது.

கேள்வி: ஒளியில் பார்க்கும்போது என்ன தெரிய வேண்டும்? எனக்கு எதுவும் விளங்கவில்லை.

அறையை நன்கு இருட்டாக்கி, சிறிய எல்.இ.டி. டார்ச்சை முட்டையின் மழுங்கிய முனையில் ஒட்டிப் பிடியுங்கள். ஏழாம் நாள் நல்ல முட்டையில், நடுவே ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திவலைபோல் நாற்புறமும் ஓடும் சிவந்த நரம்புகளும் தெரியும். கொஞ்சம் அசைக்காமல் பொறுத்திருந்தால், அந்தப் புள்ளி துள்ளி நகர்வதையும் காணலாம். கண் அதுதான், அந்த வயதில் உடலைவிடக் கண்தான் தெளிவாகத் தெரியும். இருபது ஆண்டுகளாகப் பார்த்தும் அந்த அசைவில் எனக்கு இன்னும் மனம் நெகிழ்கிறது.

வெறும் வெளிச்சமாக மஞ்சள் நிழல் மட்டும் தெரிந்தால் அது கூமுட்டை. நரம்புகள் இல்லாமல் சிவந்த வளையம் ஒன்று மட்டும் இருந்தால், கரு தொடங்கி இறந்துவிட்டது. பழுப்பு நிற ஓட்டில் சரியாகத் தெரியாது என்பதால், சந்தேகமான முட்டைகளைப் பத்தாம் நாள் மறுபடி பார்த்து முடிவு செய்யுங்கள். நாற்றம் வரும் முட்டையையும், நீர் கசியும் முட்டையையும் மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். உள்ளே வாயு சேர்ந்து அது வெடித்தால் மற்ற முட்டைகள் அனைத்திலும் கிருமி பரவும்.

கேள்வி: கோழி, வாத்து, காடை முட்டைகளைச் சேர்த்து வைக்கலாமா?

முதல் முறை வேண்டாம். காடைக்கு 17 அல்லது 18 நாள், வாத்துக்கு 28 நாள் ஆகும். ஒன்று பொரிக்கும் நேரத்தில் ஈரத்தைக் கூட்டினால், பாதி வழியில் இருக்கும் மற்றதற்கு அது கேடு. ஒரே வகையை ஒரே நாளில் வையுங்கள். இடையில் புதிய முட்டைகளைச் செருகாதீர்கள்.

கேள்வி: வெப்பத்தை மாற்றிப் பெட்டைக் குஞ்சுகளை அதிகம் பெற முடியுமா?

முடியாது. கோழியில் பாலினம் தாயின் வழியாக, முட்டை இடப்படுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

கேள்வி: ஓட்டில் ஓட்டை விழுந்து பத்து மணி நேரம் ஆகிறது. குஞ்சு கத்துகிறது, ஆனால் வெளியே வரவில்லை. ஓட்டை உடைத்து உதவலாமா?

இந்தக் கேள்வியை எழுதியவரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. நானும் ஒருமுறை பொறுக்க முடியாமல் ஓட்டைப் பிய்த்தேன். இரண்டாவது துண்டிலேயே சவ்விலிருந்து இரத்தம் கசிந்தது. அந்தக் குஞ்சு அரைமணி நேரத்தில் போய்விட்டது.

முதல் கொத்து விழுந்த பிறகு குஞ்சு சும்மா கிடப்பதாகத் தோன்றினாலும், உள்ளே இரண்டு பெரிய வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. இதுவரை சவ்வின் இரத்தக் குழாய்கள் வழியாக மூச்சுவிட்ட உடல், நுரையீரலுக்கு மாறுகிறது. அக்குழாய்களில் இருக்கும் இரத்தம் மெல்ல மெல்ல உடலுக்குள் திரும்புகிறது. அதே நேரத்தில் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. இவை முடிவதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். முடிந்ததும் குஞ்சு உள்ளே சுழன்றபடியே ஓட்டை வட்டமாகக் கொத்திக்கொண்டு வந்து, மழுங்கிய முனையை மூடிபோல் தள்ளித் திறக்கும். பத்து மணி நேரம் என்பது மிக இயல்பான காத்திருப்பு.

18ஆம் நாள் நீர் ஊற்றி மூடிய பெட்டியை, குஞ்சுகள் பொரிந்து முடியும்வரை திறக்காமல் இருக்கப் பழகுங்கள். ஒருமுறை திறந்தால் ஈரம் சட்டென்று வெளியேறி, கொத்து விழுந்த முட்டைகளின் சவ்வு காய்ந்து இறுகிவிடும். ஒரு குஞ்சுக்கு உதவப் போய் மூன்று குஞ்சுகளைச் சிக்க வைத்தவர்கள் உண்டு. 24 மணி நேரத்தைத் தாண்டியும் முன்னேற்றமே இல்லாமல், சவ்வு பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருப்பது தெரிந்தால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரப்படுத்தி, கொத்து விழுந்த இடத்தைச் சுற்றி ஓட்டைச் சிறிது சிறிதாக எடுங்கள். துளி இரத்தம் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டுச் சில மணி நேரம் பொறுக்க வேண்டும்.

21ஆம் நாள் முடிந்தும் கொத்தே விழவில்லை என்று கேட்டவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: வெப்பம் சற்றுக் குறைந்திருந்தால் பொரிப்பு ஓரிரு நாள் தள்ளிப்போவது உண்டு. 23ஆம் நாள் வரை காத்திருங்கள்.

கேள்வி: பொரிந்த குஞ்சுகளை எப்போது வெளியே எடுப்பது? பசியோடு இருக்காதா?

வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்கு இரண்டு நாள் உணவு. ஆகவே இறகு முழுவதும் உலர்ந்து பஞ்சுபோல் ஆன பிறகு, பெரும்பாலான குஞ்சுகள் வந்துவிட்ட நிலையில், எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். வளர்ப்புப் பெட்டியை முந்தின நாளே தயார் செய்து, முதல் வாரம் ஒரு மூலை 35 டிகிரி இருக்கும்படி விளக்குப் போட்டு, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். குஞ்சுகள் விளக்கின் கீழ் நெருக்கியடித்தால் குளிர்கிறது, ஓரங்களுக்கு ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம். தரையில் வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால்கள் வழுக்கி அகன்று ஊனமாகிவிடும். சொரசொரப்பான துணியையோ விரிப்பையோ போடுங்கள். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும், அதிலும் சில கூழாங்கற்களைப் போட்டுவையுங்கள். முதல் நாள் குஞ்சு ஒரு விரல் நீரில்கூட விழுந்து மூழ்கிவிடும். ஒவ்வொன்றையும் எடுத்து அலகின் நுனியை ஒருமுறை நீரில் தொட்டுக் காட்டினால், ஒன்றைப் பார்த்து ஒன்று குடிக்கக் கற்றுக்கொள்ளும்.