மாட்டு டொக்டருக்கு உலக சுகாதாரம் எதற்கு?

கேள்வி: மகள் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறாள். இப்போது உலகப் பொதுச் சுகாதாரத்துக்குப் போகப்போகிறேன் என்கிறாள். மாடு பார்க்கிற படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: சம்பந்தம் உங்கள் பட்டியிலேயே இருக்கிறது அம்மா. கன்று ஈன்ற மாட்டின் இளங்கொடியை வெறுங்கையால் அள்ளி உமலில் போட்டு ஆலமரத்தில் கட்டுகிறோமே, அந்த மாட்டுக்குப் புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய் இருந்தால் கிருமி கைக்கீறல் வழியாக நமக்கும் வரும், காய்ச்சாத பாலிலும் வரும். எலிக்காய்ச்சல் என்று பெயர்தான் எலிக்கு, மாட்டு மூத்திரத்தாலும் பரவும். 1998இல் மலேசியாவில் நிபா என்ற வைரஸ் நோய் வந்தபோது அதை நுளம்பால் பரவும் மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். பன்றிகளுக்கு வந்த இருமலையும் மனிதருக்கு வந்த காய்ச்சலையும் சேர்த்துப் பார்க்கத் தாமதமாகி, நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அப்படிச் சேர்த்துப் பார்க்கிற ஆளாகத்தான் உங்கள் மகள் வரப்போகிறாள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? தொற்றுநோயியலையும் புள்ளிவிபரவியலையும் பரீட்சையோடு மறந்துவிடக்கூடாது, கசக்கிற பாடம்தான். லீவில் வரும்போது பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவரோடு விசர்நாய் கடித்தவர்களின் வீடுகளுக்குப் போய்வரட்டும். அப்புறம் அறிக்கை எழுதப் பழகட்டும். வெளிநாட்டு மேற்படிப்பைப் பட்டம் எடுத்தபிறகு பார்க்கலாம், ஏஜென்சிக்காரரிடம் இப்போதே காசு கட்டிவிடாதீர்கள்.