பீர் கேம் விளையாடும் மகள்

கேள்வி: என் மகள் வெளியூரில் கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு கறவை மாடு, கொஞ்சம் நிலக்கடலை, இதை வைத்துத்தான் அவளைப் படிக்க வைக்கிறேன். போன வாரம் போனில், "இன்னிக்கு கிளாஸ்ல பீர் கேம் விளையாடினோம்பா" என்கிறாள். அதட்டினால் சிரிக்கிறாள். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொள் என்று அனுப்பினால் விளையாட்டா, ஐயா?
— ஒரு தகப்பன், ஒடுகத்தூர்

பதில்: முதலில் உங்கள் வயிற்றில் பால் வார்த்துவிடுகிறேன். அந்த விளையாட்டில் ஒரு சொட்டு பீர் கிடையாது, பெயர்தான் அப்படி. 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவானது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நாலு பேர் உட்காருவார்கள். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். வாரம் 4 பெட்டி கேட்ட வாடிக்கையாளர் ஒரு கட்டத்தில் 8 கேட்பார். அதன் பிறகு கடைசிவரை 8தான். ஆனால் சரக்கு வந்து சேர நாளாகும். கடைக்காரர் பதறிப்போய் அதிகமாக எழுதுவார், அவருக்கு மேலே இருப்பவர் இன்னும் அதிகமாக எழுதுவார். கடைசியில் தொழிற்சாலையில் பெட்டி மலையாகக் குவியும். நாலு பேரும் அடுத்தவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். தப்பு யாரிடமும் இல்லை, தாமதத்தில்தான் இருக்கிறது என்று அப்புறம்தான் புரியும்.

மாட்டு டாக்டருக்கு இது எதற்கு? என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கொட்டகையில் கோமாரி. மாட்டுக்கு எச்சில் நூலாக ஒழுகுகிறது, குளம்பிடுக்கில் புண். பர்மாங்கனேட் தண்ணீரில் வாயைக் கழுவி, போரோகிளிசரின் தடவச் சொல்லிவிட்டு, கடமை முடிந்ததென்று வந்துவிட்டேன். பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு மாடு நன்றாகத்தான் இருந்தது. மாட்டுக்காரர் அதை அடுத்த செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார். கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். தொற்றிய 14 நாள் வரைகூட அறிகுறி காட்டாமல் இருக்கலாம். இதெல்லாம் புத்தகத்தில் படித்து மார்க் வாங்கியவன்தான் நான். ஆனாலும் சந்தை என் கண்ணில் படவில்லை. அந்த மாடு போன ஊரிலும் நோய் வந்தது.

ஒரு மாட்டைப் பார்க்கும்போதே சந்தை, லாரி, எருது விடும் விழாவுக்கு ஊர் ஊராகப் போகும் காளை, தடுப்பூசி போட்ட தேதி எல்லாம் சேர்ந்து கண்முன் வர வேண்டும். பாடம் ஒப்பித்து இது வராது. பெட்டிக்குப் பதில் நோயை வைத்து இதே மாதிரி ஆடும் விளையாட்டில் தன் கையாலேயே நோயைப் பரப்பி, நாலு கிராமத்தைத் தோற்றால் வரும். தோற்றால் மாடு சாகாது என்பதுதான் அதில் வசதி.

ஒன்று மட்டும் விசாரியுங்கள்: ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசினார்களா? ஏன் தோற்றோம் என்று பேசாமல் மணி அடித்ததும் கலைந்துவிட்டால், உங்கள் கோபம் நியாயம்தான்.

இன்னொன்று, விளையாட்டில் உருட்டும் தாயக்கட்டைக்குக் கடன் தெரியாது. சொசைட்டியில் பால் பணம் வர நாளானால், சோர்ந்து நிற்கிற மாட்டையும் ஒருவர் ஏன் சந்தைக்கு ஓட்டுகிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். லீவில் வந்ததும் அவளைப் பொய்கைக்குக் கூட்டிப் போங்கள். எந்த ஊர் வண்டி வருகிறது, தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது, விற்காத மாடு எங்கே திரும்பிப் போகிறது, எல்லாவற்றையும் காட்டுங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஒன்றும் சொல்லாமல் கவனியுங்கள். செருப்பைக் கழுவாமல் உங்கள் கொட்டகைக்குள் நுழைந்தால், அப்போது திட்டுங்கள்.