பதில்: மகனைச் சிலம்பத்துக்கு அனுப்பினால் படிப்பு கெடுமா?

வணக்கம் சகோதரி. 9 வயது மகன் பள்ளி விட்டதும் டியூஷன், அப்புறம் போன் என்றே இருக்கிறான், எடை கூடுகிறது, கண்ணாடியும் போட்டாயிற்று, சிலம்பத்துக்கு அனுப்பினால் படிப்பு போய்விடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். தயங்காமல் அனுப்புங்கள்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளியின் பி.டி. பீரியடு மட்டும் அதற்குப் போதாது. வெளிச்சத்தில், திறந்த வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைவு. ஏற்கெனவே வந்த பவர் இறங்காது, அதனால் கண் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

என் மகள் சேர்ந்தபோது முதல் இரண்டு வாரம் வெறும் காலடி வரிசைதான். கம்பையே சுற்ற விடவில்லை என்று அழுதாள். மூன்றாம் வாரம் ஆசான் அவள் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பை வெட்டிக் கொடுத்தார். அன்று இரவு இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கே தூங்கிப்போனாள். போனைத் தேடவே இல்லை.

டியூஷனை வாரம் மூன்று நாளாகக் குறைக்க முடியுமா பாருங்கள். முதல் மாதம் மட்டும் போதும், அதுவரை போட்டி, மெடல் பேச்சே வேண்டாம். அவனுக்குச் சிலம்பம் பிடிக்கவில்லை என்றால் கபடி, நீச்சல், சைக்கிள், எதுவானாலும் சரி. அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள். மூச்சு வாங்கினாலோ முட்டி வலித்தாலோ முதலில் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.