டவுன் சின்ட்ரோம் உள்ள தம்பிக்குப் பாட்டு, சித்திரம் பழக்குவதால் பயன் உண்டா?

உங்கள் தம்பிக்குப் பதினைந்து, பதினாறு வயதிருக்கும் என்று நினைக்கிறேன். "ஏன் காசை வீணாக்குகிறீர்கள்" என்று வீட்டுக்கு வந்த யாரோ சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். பயன் உண்டு. நீங்கள் எதிர்பார்க்கும் பயனாக அது இல்லாமலும் இருக்கலாம்.

நாங்கள் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். என் தம்பிக்கும் டவுன் சின்ட்ரோம்தான், 27 வயது. நாலைந்து சொல்லுக்கு மேல் பேச்சு வராது, ஆனால் தாளம் வரும். பத்திரகாளி அம்மன் கோயிலில் தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றால் பூசை முடிந்தாலும் நகர மாட்டான். பின்னேரத்தில் கிணற்றடியில் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து வைத்து அடிப்பான். நான் ஒன்று தட்டினால் அதையே திருப்பித் தட்டுவான். நாங்கள் கதைப்பது அப்படித்தான்.

மூன்று வருடத்துக்கு முன் திடீரென்று வாளியைத் தொடவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினான், தலையைச் சுவரில் இடித்தான். கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் "இந்தப் பிள்ளைகள் அப்படித்தான், வயது வந்தால் முரண்டு பிடிப்பார்கள்" என்று நித்திரைக் குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

இரண்டாம் தடவை போனபோது வேறொரு தாதி இருந்தார். "இவருக்கு என்ன விருப்பம் அம்மா?" என்று முதலில் கேட்டார். அம்மா வாளிக் கதையைச் சொன்னதும், அவனுக்குப் பின்னால் போய் நின்று, வலக் காதுப் பக்கம் மெதுவாக மூன்று முறை விரல் சொடுக்கினார். தம்பி உடனே தொடையில் மூன்று தட்டுத் தட்டினான். இடக் காதுப் பக்கம் சொடுக்கினார். ஒன்றுமில்லை. இன்னொரு தரம். அப்போதும் இல்லை. டொக்டரைக் கூப்பிட்டுக் காதைப் பார்க்க வைத்தார். உள்ளே முழுக்கச் சீழ்.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதுத் துவாரம் ஒடுக்கமாக இருக்கும், காதுத் தொற்றும் காது கேட்பது குறைவதும் அதிகம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியையும் சோதிக்கச் சொன்னார்கள்.

பாட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அதற்குச் சண்டைக்கு வராதீர்கள். டவுன் சின்ட்ரோமுக்குக் காரணமான, 21ஆம் நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை எந்தத் தவிலும் மாற்றாது. வாளி அடிப்பது இசைச் சிகிச்சையும் ஆகாது. அது முறையாகப் படித்துச் செய்யும் தொழில். இங்கிலாந்தில் பதிவில்லாமல் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ள முடியாது. கற்றல் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கவென்றே அங்கே தாதியர் படிப்பில் தனிப் பிரிவும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொண்டுபோக ஒரு சிறு புத்தகமும் எழுதி வைத்திருப்பார்கள்: நோவை எப்படிக் காட்டுவார், எதற்குப் பயப்படுவார் என்று. அதைக் கேள்விப்பட்டு நாங்களும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். முதல் வரி: "வாளி அடிக்காவிட்டால் எங்கேயோ நோகிறது."

சொல்லவந்ததற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் கல்யாணக் கார்ட் தரும்போது "தம்பியை யாரிடமாவது விட்டுவிட்டு வாங்கோ" என்கிறார்கள். மேளம் கேட்க அவனைவிட ஆசைப்படுகிறவர் அந்த மண்டபத்தில் யார்? நாங்கள் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போவதில்லை.

சரி, உங்கள் தம்பி படம் கீறுவாரென்றால் ஒவ்வொன்றிலும் திகதி போட்டு வையுங்கள். கீறாத நாட்களையும் குறியுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். காதைப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டையும்.