யானைக்கேற்ற சைக்கிள்

அன்புள்ள ஐயா,

நான்காம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் பாடத்தில் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள். அதனால் ஒரு மாதமாக வகுப்பு தொடங்கியதும் ஒரு வேடிக்கைப் பாட்டு வாசிக்கிறேன். நன்றாகச் சிரிக்கிறார்கள். வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பையன்கூட, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு கடைசி பெஞ்சிலிருந்து தனியாகச் சிரித்தான். ஆனால் அப்புறம் பாடத்துக்குத் திரும்ப முடிவதில்லை. தலைமையாசிரியை “இது வகுப்பா, சர்க்கஸா?” என்கிறார். ஆர்வத்தைத் தூண்டப் பாட்டுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கலாம்? நல்ல பாட்டுகளின் பட்டியல் தருவீர்களா? காணொளியாகப் போடலாமா? பாட்டின் கருத்து அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பட்டியல் தர மாட்டேன். எந்தப் பாட்டைப் படித்து நீங்கள் தனியாக இருக்கும்போது சிரித்தீர்களோ அதை எடுத்துப் போங்கள். காணொளி வேண்டாம். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க அதற்குத் தெரியாது. நிமிடக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள், நான் மருந்துச் சீட்டு எழுதுகிறவன் இல்லை.

‘ஆர்வத்தைத் தூண்ட’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தூண்டிலில் புழு கோக்கிறவரும் மீனின் ஆர்வத்தைத்தான் தூண்டுகிறார். முதலில் சிரிப்பு, அப்புறம் பாடம் என்று பிரித்து வைத்தது நீங்கள். புழு தீர்ந்ததும் மீன் போய்விடுகிறது, அதன்மேல் என்ன கோபம்?

கரும்பலகையில் இதை எழுதிப் பாருங்கள். நான் கட்டியதுதான், பெரிய கவிதையெல்லாம் இல்லை.

யானை ஒன்று சைக்கிள் வாங்கி
பூனை தன்னைப் பின்னால் ஏற்றி
பானை மேலே பாய்ந்து போக
____ எல்லாம் சிரித்த தாமே!

கோடிட்ட இடத்தைக் காட்டிவிட்டுச் சும்மா நில்லுங்கள். “சேனை!” என்று ஒருத்தி கத்துவாள். எவனாவது “நாய்” என்றால் வகுப்பே “ஐயே” என்னும். “பனை” என்று ஒரு குரல் வரும், ஏதோ இடறுகிறதே என்று அந்தக் குழந்தையே முகம் சுளிக்கும். ஏன் இடறுகிறது? எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதாது, முதல் எழுத்தும் அளவில் ஒத்து நிற்க வேண்டும். யா, பூ, பா எல்லாம் நெடில். ப குறில். யாப்பிலக்கணம் சொல்லும் விதி இது. அந்தச் சொல்லையே கேள்விப்படாத ஒன்பது வயதுக் காது அதைப் பிடித்துவிடுகிறது. இதற்கு மேல் எந்தப் பாடத்துக்குத் ‘திரும்ப’ வேண்டும் என்கிறீர்கள்?

உங்கள் தலைமையாசிரியைக்கு ஆதாரம் வேண்டுமானால், பிராட்லி, பிரையன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். நாலைந்து வயதில் ஓசை ஒத்த சொற்களை நன்றாக இனம் கண்ட பிள்ளைகள், பின்னால் வாசிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும் முந்தி நின்றார்கள். ஆங்கிலப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுதான். எதுகையும் மோனையுமாகவே பேச்சு வளர்ந்த மொழிக்காரர்கள் நாம், நமக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன.

சரி, கடைசிக் கேள்வி. கருத்து போய்ச் சேர்ந்ததா என்று சோதிப்பது.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது இப்படி ஒரு யானைப் பாட்டு வந்தது. யானை சைக்கிளில் ஏறும், சைக்கிள் நொறுங்கும், யானை அழும். வாத்தியார் சிரிக்காமல் வாசித்தார், நாங்களும் சிரிக்காமல் கேட்டோம். பரீட்சையில் ‘இப்பாடல் உணர்த்தும் கருத்து யாது?’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், ‘யானைக்கேற்ற சைக்கிளை இன்னும் யாரும் செய்யவில்லை’ என்று எழுதினான். அவனுக்கு முட்டை. போதாததற்கு அளவுகோலால் விரல் முட்டியில் இரண்டு அடி. நான், ‘தகுதிக்கு மீறி ஆசைப்படக் கூடாது’ என்று எழுதினேன். இரண்டுக்கு இரண்டு. அந்தப் பாட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது, டீச்சர். வாத்தியாருக்கு எது பிடிக்கும் என்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அவன் பாட்டைப் படித்தான், நான் வாத்தியாரைப் படித்தேன். கையைப் பிடித்துக்கொண்டு அவன் என் விடைத்தாளை எட்டிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரஷ்ய எழுத்தாளர் கோர்னேய் சுகோவ்ஸ்கி தன் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு வயதுகூட நிறையாத குழந்தை ஒருநாள் வந்து, “அப்பா, நாய் மியாவ்!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர், “இல்லை, நாய் குரைக்கும்” என்று திருத்தினார். மனுஷர் அப்போதைக்கு நம்மைப் போலத்தான். அவள் விடவில்லை. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது: நாய் எப்படிக் கத்தும் என்று உறுதியாகத் தெரிந்த குழந்தைக்குத்தான் இது வேடிக்கை. உடனே அவரும், “சேவல் மியாவ்!” என்று சேர்ந்துகொண்டார். அதே மனிதரின் முதலைப் பாட்டை 1928இல் லெனினின் மனைவி குரூப்ஸ்கயா பிராவ்தா நாளிதழில் சாடினார். முதலையைப் பற்றிக் குழந்தை எதையும் தெரிந்துகொள்ளவில்லை, வெறும் பிதற்றலைக் கேட்கிறது என்பது அவர் குறை. உங்கள் தலைமையாசிரியைக்குத் துணை பெரிய இடத்தில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குண்டு, திக்குவாய், கறுப்பு என்று ஆளைக் கிண்டல் செய்யும் பாட்டு எவ்வளவு நன்றாக ஓடினாலும் தொடாதீர்கள். நீங்கள் அதை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவீர்கள், ஒரு குழந்தைக்கு அதுவே அந்த வருடம் முழுக்கப் பெயராகிவிடும்.

கடைசி பெஞ்சுப் பையனை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு மொத்தக் கடிதமும் அவன்தான். எல்லாரும் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் அது ஊரோடு ஒத்துப்போவது. அவன் பாட்டை மனதுக்குள் திருப்பிப் போட்டு, எங்கே எது தலைகீழாக நிற்கிறது என்று கண்டுபிடித்து, பிறகு சிரித்திருக்கிறான். இதைப் பார்த்த பிறகும் சோதிக்க வழி கேட்கிறீர்களே!

அவனைக் கூப்பிட்டு எழுப்பி நிறுத்தி, “ஏன் சிரித்தாய்?” என்று கேட்டுவிடாதீர்கள். நாளைக்கு அதே பாட்டை இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். எந்த வரியில் சிரிக்கிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.