புலம்பெயர்ந்து வந்த நாம் ஆஸ்திரேலிய அவுட்பேக்கில், அதாவது ஆள் நடமாட்டம் குறைந்த உள்நாட்டு வறண்ட பகுதியில், காரில் போய் நடைப்பயணம் செய்யலாமா? பாதுகாப்பானதா?

தாராளமாகப் போகலாம். அடிலெய்டில் குடியேறி ஏழு வருடம் கழித்துத்தான் நானும் மனைவியும் கிளம்பினோம். அவ்வளவு தாமதித்ததற்குக் காரணம் பயம். வழியில் இருக்கும் சின்ன ஊர்களில் நம்மைப் பார்த்து முகம் சுளிப்பார்களோ என்ற பயம். நீங்களும் அதை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அவுட்பேக்கின் நடுவே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர் அடிலெய்டிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் போர்ட் அகஸ்டாவைத் தாண்டியதும் எதிரே வரும் ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரே ஒரு விரலை உயர்த்தினார்கள். எங்கள் வண்டியில் ஏதோ கோளாறு என்று சைகை காட்டுகிறார்கள் என நினைத்து ஓரம் கட்டி நான்கு டயரையும் பார்த்தேன். பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் அடுத்த ரோடுஹவுஸில் கல்லாவில் இருந்த அம்மாதான், அது வணக்கம், நீங்களும் விரலைத் தூக்குங்கள் என்றார். கிளம்பும்போது, இன்று இரவு எங்கே தங்குகிறீர்கள், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தார். ஊரில் பக்கத்து வீட்டு அத்தை கேட்பதுபோல இருந்தது.

அவர் அக்கறைக்குக் காரணம் உண்டு. அந்த நெடுஞ்சாலையில் கிளெண்டாம்போ என்ற சிற்றூரை விட்டால் அடுத்த ஊரான கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு பெட்ரோல் கிடையாது. போனில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. ரோடு ட்ரெயின் எனப்படும் லாரிகள் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். நீண்ட நேர்ச்சாலை கண்ணில் படாதவரை அவற்றை முந்தாதீர்கள். பொழுது சாயும்போது கங்காருக்கள் சாலைக்கு வரும், அதனால் இருட்டுமுன் தங்கிவிடுங்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்கவே நடக்காதீர்கள். தேடி வருபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் கண்ணில் படும். செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் பி.எல்.பி. கருவி ஒன்று கையில் இருக்கட்டும்.

நடப்பதற்கு மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். பகலில் இதமான வெயில், இரவில் சில நாள் உறைபனி. நாங்கள் லீவு கிடைத்ததே என்று அக்டோபரில் போய், உலுரு என்ற பெரும்பாறைக்கு அருகிலுள்ள கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளின் 7.4 கிலோமீட்டர் 'காற்றுப் பள்ளத்தாக்கு' நடையைத் தவறவிட்டோம். வெப்பம் 36 டிகிரியைத் தொடும் நாட்களில் காலை 11 மணிக்கே 'காரு' என்ற காட்சிமுனைக்கு அப்பால் பாதையை மூடிவிடுகிறார்கள். மூடிய பாதை முன் பத்து நிமிடம் நின்றதிலேயே சட்டை நனையாமல் வியர்வை காய்ந்து, உதட்டில் உப்புக் கரித்தது. வேர்த்ததே தெரியாமல் உடம்பில் தண்ணீர் வற்றும் வெயில் அது. மணிக்கு ஒரு லிட்டர் குடியுங்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்று அங்கேதான் உறைத்தது.

மறுநாள் விடியும் முன்பே உலுருவைச் சுற்றி நடந்தோம், 10.6 கிலோமீட்டர். 2019 அக்டோபரிலிருந்து அந்தப் பாறைமேல் ஏற அனுமதி இல்லை. அங்குள்ள பூர்வகுடி அனங்கு மக்கள் பல வருடம் கேட்டுக்கொண்டது அது. சில இடங்கள் புனிதமானவை, படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கிறது. கருவறைமுன் வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இருவரும் பேசிக்கொள்ளாமலே போனைப் பைக்குள் போட்டோம். இந்த ஊர் தனக்கும் கொஞ்சம் சொந்தம்போல இருக்கிறது என்று மனைவி முதன்முறையாகச் சொன்னது அந்தப் பாதையில்தான்.

சொல்லப்போனால் நம் பக்கத்து மனிதர்களின் கால் அந்த மண்ணில் எப்போதோ பட்டுவிட்டது. ரயிலும் லாரியும் வருமுன், 1860களிலிருந்து, ஒட்டகங்களில் சரக்கு சுமந்தவர்களை எல்லாம் 'ஆப்கானியர்' என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். பலர் அன்றைய இந்தியாவின் பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்துப் பகுதிக்காரர்கள். அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வழியே ஓடும் 'தி கான்' ரயிலின் பெயர், 'ஆப்கான்' என்பதன் சுருக்கமாக, அவர்கள் நினைவாக வந்தது.

முதல்முறை என்றால் ஜூலையில் உலுரு சுற்றுநடையோடு தொடங்குங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் லாராபிண்டா நடைபாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஈக்களைத் தடுக்கும் முகவலையை மட்டும் மறக்காதீர்கள். அப்புறம், அனங்கு மக்களின் 'பல்யா' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.